ஹாரன் அடிக்காத நாற்பது நிமிடம்

ஊரில் இருந்தவரைக்கும் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். பதினாறு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். பெற்ற அம்மாவே "டிரைவர் சாப்பிட்டானா?" என்று கேட்பாள். விமானம் ஏறி இந்த நாட்டில் வந்து இறங்கியதும் அந்தப் பெயர் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. இங்கே அவர் நர்ஸின் புருஷன், அவ்வளவுதான்.

முதலில் வேலை கிடைத்து வந்தது மனைவி. ஒரு வருடம் கழித்து, அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவர் இவர். அவள் பெரிய மருத்துவமனையின் நான்காம் மாடியில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தாள். அதே மருத்துவமனையின் அடித்தளத்தில் இவர் எச்சில் தட்டு கழுவினார். தினமும் மதியம் தள்ளுவண்டியோடு நான்காம் மாடிக்குப் போய்த் தட்டுகளைச் சேகரிக்க வேண்டும். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் மனைவி, "இவர் என் கணவர்" என்று கூப்பிட்டு அறிமுகம் செய்துவைப்பாள். இவர் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

வீட்டுக்கு வந்ததும் அதற்கொரு சண்டை நடக்கும்.

"வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் எதுக்குச் சொல்ற?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? வழியில பார்த்த ஆளுன்னா?"

"ஒண்ணும் சொல்லாம இருக்கலாம்ல."

"பத்து சக்கர வண்டி ஓட்டுனவருக்கு நாலு சக்கர வண்டி தள்ள வெட்கமாக்கும்" என்பாள். அது உண்மை என்று அவருக்கும் தெரியும்.

நகரப் பேருந்து நிறுவனத்தில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தபோது அவருக்கு மூச்சு திரும்பிய மாதிரி இருந்தது. மாதக் கடைசிக்குள் பேருந்து உரிமத்தோடு வந்தால் வேலை உண்டு என்றார்கள். ஓட்டுவதுதானே, கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று போனவர், முதல் தேர்வில் தோற்றார். வளைவுக்கு வளைவு ஹாரன். போதாக்குறைக்கு, ஓரமாகப் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரருக்கு ஒன்று. அந்த மனிதர் தூக்கிவாரிப்போட இறங்கி நின்று திட்டித் தீர்த்தார்.

டிரைவருக்குப் புரியவே இல்லை. அவர் ஓட்டிய சாலைகளில் ஹாரன் கோபமில்லை, பேச்சு. வளைவில் அடித்தால் 'நான் வர்றேன்'. தாண்டும்போது அடித்தால் 'பார்த்துக்கப்பா'. அடிக்காமல் தாண்டுகிறவன்தான் அங்கே திமிர் பிடித்தவன். இங்கே ஹாரன் அடிப்பது ஆளைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதற்குச் சமம்.

இரண்டாவது தேர்வில் வளைவுகளை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டார். கடைசியில் எதிரே வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். இவர் மனம் குளிர்ந்து, நன்றி சொல்லுகிற மாதிரி ரெண்டு தட்டுத் தட்டினார், பாம் பாம். அங்கேயே முடிந்தது.

இன்னும் ஒரு வாய்ப்புத்தான். அதிலும் தோற்றால் ஆறு மாதம் தேர்வுக்கே போக முடியாது; வேலையும் கைவிட்டுப் போய்விடும். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "மூணாவதும் போச்சுன்னா நான் ஊருக்கே போயிடறேன். நீயும் பாப்பாவும் இருந்துக்கங்க."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பதில் பேசாத சண்டை அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து பயிற்சி. இதே ஊரில் இருந்த அவளுடைய தம்பி பார்சல் வேன் வைத்திருந்தான். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஸ்டியரிங் நடுவில், ஹாரன் மேல் குறுக்கும் நெடுக்குமாக அவளே ஒட்டிவிட்டாள். பின் சீட்டில் மகள். கை அந்தப் பக்கம் போனாலே எண்ணுவாள்.

"மாமா, கையைப் பாருங்க, கையை!" என்று மைத்துனன் அலறுவான். "ஹாரனுக்கும் உங்களுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமா?"

"டேய், வளைவுடா. எதிர்ல வண்டி வந்தா?"

"வந்தா அவன் மெதுவா வருவான். இந்த ஊர்ல எல்லாரும் மெதுவாத்தான் வருவாங்க."

"வராட்டி?"

"மாமா, நீங்க எதிர்ல வர்றவனை நம்பவே மாட்டீங்களா?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். பதினாறு வருடத்தில் ஒருவனையும் நம்பியதில்லை. நம்பாததால்தான் முழுசாக இருக்கிறார்.

"அப்பா, பதிமூணு" என்றாள் மகள் பின்னாலிருந்து.

தேர்வு அன்று காலை ஒன்பதரைக்குப் பேருந்துகள் நிற்கும் யார்டில் இருந்தார். தேர்வதிகாரி ஒல்லியான மனிதர்; முகத்தில் ஒன்றும் ஒட்டாது. கையில் ஒரு டேப்லெட். நாற்பது நிமிட ஓட்டம். பதினைந்து தப்பு வரை மன்னிப்பு; அதற்கு மேல் ஒன்று போனாலும் தோல்வி. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் எண்ணிக்கையே கிடையாது, நேராகத் தோல்வி.

காலிப் பேருந்து வெளியே இறங்கியது. முதல் வளைவில் அவர் உள்ளங்கை தானாக எழும்பியது. பிடித்து இழுத்து வைத்தார். இரண்டாம் வளைவில் எழும்பவில்லை. ஒரு சைக்கிள். பின்னாலேயே ஊர்ந்தார். ஒரு கார் வழிவிட்டது. கையைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் டேப்லெட்டில் விரல் படும் சத்தம் அவ்வப்போது கேட்டது. நிறுத்தத்தில் கதவு திறக்கத் தாமதம், ஒன்று. கண்ணாடி பார்க்கவில்லை, இன்னொன்று. மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தவருக்கு எட்டுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

இருபத்தைந்தாவது நிமிடம் ஒரு குறுகலான தெருவில் திரும்பினார். நடுத்தெருவில் ஒரு மெத்தை நடந்து வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் சாமான் இறக்கும் லாரி. ஆள் மெத்தையைக் கட்டிப்பிடித்துப் பின்பக்கமாக நடந்து தெருவுக்கே வந்துவிட்டான். இரண்டு கால் மட்டும் தெரிந்தது. டிரைவர் பத்தடி தள்ளி நிறுத்தினார். நகர்ந்துவிடுவான் என்று பார்த்தால், அவன் மெத்தையைச் சாலையிலேயே நிமிர்த்தி வைத்து, அதில் சாய்ந்துகொண்டு, போனை எடுத்துப் பேச ஆரம்பித்தான். முதுகு இந்தப் பக்கம்.

கண்ணாடியில் பார்த்தார். பின்னால் நாலு கார், அப்புறம் ஆறு. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. என்ன ஜனங்களடா இது!

ஆபத்து என்றால் அடிக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. வண்டி நிற்கிறது, அவனும் நிற்கிறான், இதில் ஆபத்து எங்கே? அப்படியானால் அடித்தால் தப்பு. அடிக்காமல் இப்படியே நின்றால் போக்குவரத்துக்கு இடைஞ்சல்; அதுவும் தப்பு. பின்னால் விரல் படும் சத்தம் கேட்டது. ஒருமுறை. மறுபடியும். கை ஸ்டியரிங்கின் நடுவுக்குப் போய், தொடாமல் நின்றது.

கை பிரேக்கைப் போட்டார். ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே! ஓ அண்ணே! கொஞ்சம் ஓரமாப் போங்கண்ணே!"

ஒரு சொல் தமிழ் தெரியாத அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். பேருந்தைப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு மெத்தையை இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினான்.

பேருந்து நகர்ந்தபோது அதிகாரி முதன்முறையாக வாயைத் திறந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்.

'அண்ணே' என்பதற்குத் தெரிந்த ஒரே சொல்லை டிரைவர் இந்த நாட்டு மொழியில் சொன்னார்: சகோதரா.

அதற்குப் பிறகு அதிகாரி எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். யார்டு வந்து சேர இன்னும் கால் மணி நேரம், நாலு திருப்பம். எழுதுவது நின்றபாடில்லை. என்னத்தை எழுதுகிறான் இவ்வளவு? ஊருக்கு டிக்கெட் எப்போது மலிவாக இருக்கும் என்றுகூட டிரைவரின் மனது போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

இன்ஜினை அணைத்ததும் அதிகாரி சொன்னார்: அந்த இடத்தில் சின்னதாக ஒரு ஹாரன் அடித்திருக்கலாம், தவறில்லை. தாமதத்துக்கு இரண்டு தப்பு சேர்த்திருக்கிறேன். மொத்தம் பதினான்கு.

சொல்லிவிட்டு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். கீழே பச்சை நிறத்தில் ஒரே ஒரு சொல். டிரைவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க?"

பேச வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை.

"ஹலோ? ஹாரன் அடிச்சிட்டீங்களா?" அவள் குரல் தாழ்ந்தது. "சரி, விடுங்க. எதுவும் யோசிக்காதீங்க. நேரா இங்க வந்துருங்க. கிச்சன் மேனேஜரம்மாகிட்ட போன வாரமே பேசிட்டேன். அடுத்த வருஷத்துக்கும் தட்டு கழுவுற வேலையில உங்களை வச்சுக்கறேன்னு சொல்லிட்டாங்க. கேக்குதா?"

"போன வாரமா?"

"ம்."

"பாஸ்" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி மட்டும் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நிஜமாவா?"

"பதினாலு தப்பு. பாஸ். நான் ஃபெயிலாவேன்னு நெனச்சியா?"

"ஆமா" என்றாள், கொஞ்சமும் மழுப்பாமல். "ஊருக்குப் போயிடறேன்னு சொன்னீங்கல்ல? உங்க கையில வேலைன்னு ஒண்ணு இருந்தா டிக்கெட் போட மாட்டீங்கன்னு..." மூக்கை உறிஞ்சினாள். "கோபமா?"

கோபப்படத்தான் பார்த்தார். வரவில்லை.

"சரி, நான் போய் அந்தம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

"நீ சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

"உங்களுக்குத்தான் அவங்க பாஷையில பேச..."

"வரும். நானே சொல்றேன்."

மதிய வேலைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டே, மேனேஜரம்மாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துப் பார்த்தார். இத்தனை நாள் வேலை கொடுத்ததற்கு நன்றி. இந்த மாதத்தோடு விடைபெறுகிறேன். 'விடைபெறுகிறேன்' என்பதற்கு மட்டும் இந்த நாட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. நிறுத்தத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாதிச் சொல்லிலும் பாதிச் சைகையிலும் அவளிடமே கேட்டார். அவள் ஒருமுறை சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, இன்னொரு முறை மெதுவாகச் சொல்லச் சொன்னார்.