தலைக்கணக்கு தப்பாத பாலகுரு

ஒரு கால் பேருந்துப் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்று, ஏறுகிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறார் பாலகுரு. துபாயின் அல் கூஸில் இன்னும் வெயில் ஏறவில்லை. அதற்குள் அவருடைய சட்டைக் காலர் நனைந்துவிட்டது. உதடு மட்டும் அசையும், எண் வெளியே கேட்காது. நடுவில் யாராவது 'குட் மார்னிங் பாய்' என்று சொல்லிவிட்டால் போச்சு, ஏறினவர்களையெல்லாம் இறக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் காலை நேரத்தில் அவருக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. புதிதாக வருகிறவன் இதென்ன முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று நினைப்பான். ஒரு வாரத்தில் அவனும் திருப்பிக்கொள்வான்.

கட்டடங்களுக்குத் துப்புரவு ஆட்களை அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவர் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். தொழிலாளர் கேம்பில் ஏற்றி சைட்டில் இறக்க வேண்டும், சைட்டில் ஏற்றிக் கேம்பில் இறக்க வேண்டும். இத்தனை வருட சர்வீஸில் ஓர் ஆளைக்கூட எங்கும் விட்டுவிட்டு வந்ததில்லை என்பதை, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். "டீசல் இல்லாமக்கூட பஸ் போகும் அப்பு. எண்ணாமப் போகாது" என்பது அவருடைய கட்சி.

கை பழகின வேலை டியூட்டி முடிந்ததும் நிற்குமா? லிஃப்டில் எண்ணுவார். முடிவெட்டும் கடையில் முன்னால் இருப்பவர்களை எண்ணுவார். ஷார்ஜாவில் நடந்த ஒரு கல்யாண வரவேற்பில், மேடையில் போட்டோவுக்கு நின்றவர்களை எண்ணிப் பார்த்து ஒருவர் குறைகிறார் என்று கண்டுபிடித்து, மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பந்தியிலிருந்து எச்சில் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். தாய்மாமன் பெண் வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லாததால்தான் மேடை ஏறாமல் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பாலகுருவுக்கு அது முக்கியமில்லை. கணக்கு சரியாகிவிட்டது.

அவர் மனைவி கனகா, பிள்ளைகள் இரண்டும் படித்து வேலைக்குப் போன பிறகு, ஷார்ஜாவில் முவைலா பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அதற்கு முன் முக்கால்வாசி வருடங்கள் பாலகுரு அவருக்குப் போனில் வருகிற குரல் மட்டும்தான். இப்போது ஆளாகவே வருகிறார், வந்ததும் தூங்கிவிடுகிறார். இதற்குக் குரலே தேவலாம் என்று கனகா பக்கத்து ஃபிளாட்டுப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னதுண்டு.

பெருநாள் லீவு நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கனகா கேட்டார்: "நம்ம முதுகுளத்தூர்லயும் தண்ணி ஓடல, முவைலாவுலயும் ஓடல. நெசமா ஓடுற ஆறு ஒண்ணைப் பாத்துட்டு வந்துருவமா?"

கல்யாணமானதிலிருந்து கனகா வாய்விட்டுக் கேட்டவை அதிகமில்லை. அதனால் பாலகுரு உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். டிராவல்ஸ் வைத்திருக்கும் கீழக்கரை ஜெய்னுலாப்தீன், வளைகுடாத் தமிழர்களை மட்டும் சேர்த்து லாவோஸ் நாட்டுக்கு ஒரு குழு அனுப்பிக்கொண்டிருந்தார். நதிகள், கிராமங்கள், புத்த ஆலயங்கள், கூடவே ஒரு வழிகாட்டி என்று நோட்டீஸ் போட்டிருந்தார். பாலகுரு நதியைப் பற்றியோ ஆலயத்தைப் பற்றியோ ஒன்றும் விசாரிக்கவில்லை. அங்கே ஓடும் பேருந்துக்கு எத்தனை கதவு என்று கேட்டார்.

"அண்ணே, நீங்க சும்மா உக்காந்து வந்தாப் போதும்" என்றார் ஜெய்னுலாப்தீன்.

சும்மா என்ற சொல்லைப் பாலகுரு வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

லுவாங் பிரபாங் விமான நிலையத்தில் சின்ன மஞ்சள் கொடியோடு நின்ற வழிகாட்டியின் பெயர் கம்லா. மெலிந்த மனிதர், மெதுவாக ஆங்கிலம் பேசுகிறவர். பாலகுரு அவரைக் 'கமலா பாய்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கனகாவுக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது. எதற்கும் அவசரப்படாத ஊர் அது. கேட்டால் 'போ பென் ஞங்' என்பார்கள், பரவாயில்லை என்று பொருளாம். பரவாயில்லை என்று ஒரு நாடே சொல்லிக்கொண்டு திரிவதைப் பாலகுருவால் சகிக்க முடியவில்லை. முதல் நாள் மாலையே, கம்லா இளநீர் வாங்கக் கொடியைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். அதன் பிறகு அந்தக் கொடி கம்லாவின் கைக்குத் திரும்பவில்லை.

அடுத்த நாளிலிருந்து குழு, குழுவாக இல்லை, ஷிஃப்ட் ஆகிவிட்டது. காலை உணவுக்கு வருகை எடுக்கப்பட்டது. அபுதாபியில் கணக்காளராக இருக்கும் சிவசங்கரன், ஊர் பார்க்க வந்தோமா டியூட்டிக்கு வந்தோமா என்று முணுமுணுத்தார். ஆனால் பெயரைச் சொன்னதும் முதலில் கை தூக்கியவர் அவர்தான். தண்ணீர் பாட்டில் பையையும் குடையையும் கனகாவின் தோளில் மாட்டி, ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற பொறுப்பை ஒப்படைத்தார் பாலகுரு. கோயில் வாசல்களில் சிதறிக் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக வரிசை வைத்தார். செருப்பை எண்ணினால் ஆளை எண்ணின மாதிரி என்று கம்லாவுக்குத் தொழில் ரகசியம் சொல்லிக் கொடுத்தார். கம்லாவும் சளைத்தவரில்லை; மூன்றாவது கோயிலில் அவரே பாலகுருவின் அரபியில் 'யல்லா, யல்லா', கிளம்புங்கள் கிளம்புங்கள், என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒரு கோயிலில் கனகா நின்றுவிட்டார். கூரை அடுக்கடுக்காகத் தரையை நோக்கி வழிந்து இறங்கிய பழைய கோயில். உள்ளே இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, விரல்கள் நேராகக் கீழே பார்க்க, மெல்லிய புத்தர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஏன் இவர் மட்டும் கையை இப்படி வைத்திருக்கிறார் என்று கனகா சைகையால் கேட்டார். மழையைக் கூப்பிடுகிறார் என்று கம்லா விளக்கினார்.

கனகா தன் கையையும் அதே மாதிரி கீழே நீட்டிப் பார்த்தார். பிறகு, "எங்க ஊரு கம்மாக்கரைக்கு இவரு மாதிரி ஒருத்தர அனுப்பி வைக்கச் சொல்லுங்க" என்றார். அதைக் கம்லாவுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் வாசலிலிருந்து 'கலாஸ், கலாஸ், முடிஞ்சது, அடுத்த கோயில்' என்று கொடி ஆடியது.

ஒரே ஒரு காலையில்தான் பாலகுரு அசந்து போனார். விடிகிற வேளையில் பிக்குகள் காவி உடையில் வரிசையாகப் பிச்சைக்கு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், இடைவெளி மாறாமல் நடந்தார்கள். தெருவோரம் மண்டியிட்டிருந்தவர்கள் பாத்திரங்களில் சோற்றை வைத்தார்கள். பாலகுரு வரிசையின் தலையிலிருந்து வால்வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து, இவர்களுக்கு சூப்பர்வைசர் யார் என்று கேட்டார். மூத்தவர் முன்னால் போகிறார், அவ்வளவுதான் என்றார் கம்லா. அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லையே என்றார் பாலகுரு. பார்ப்பதில்லைதான் என்றார் கம்லா.

"பெறகு ஆள் கொறஞ்சா எப்படித் தெரியும்?" என்று பாலகுரு தமிழிலேயே கேட்டார். கம்லா புன்னகை செய்தார். அன்று முழுவதும் அந்த மூத்த பிக்குவின் பொறுப்பின்மை பாலகுருவை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசி நாளுக்கு முந்திய நாள், நீளமான மரப்படகில் மீகாங் ஆற்றில் மேல்நோக்கிப் போனார்கள். காவி கலந்த பழுப்புத் தண்ணீர்; இரு கரையிலும் பச்சை. கனகா படகின் ஓரமாக உட்கார்ந்து வழி நெடுகக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தார். ஒரு தறி நெய்யும் கிராமத்தில் இறங்கி, துணி பார்த்து, கிராமத்துக் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். பாலகுரு பலகையில் ஒரு கால், மணலில் ஒரு கால் வைத்து நின்று, தோள் தொட்டு எல்லோரையும் ஏற்றினார். கணக்கு சரி. கொடியை உயர்த்தினார். படகு நீரோட்டத்தோடு விர்ரென்று இறங்கியது.

இரண்டு வளைவு தாண்டியிருக்கும். ஓமானில் சோஹாரில் நர்ஸாக இருக்கும் சுகிர்தராணி, குளச்சல் பக்கத்துப் பெண், பின்பக்கமிருந்து எழுந்து வந்தார். "அண்ணே, தாகமா இருக்கு. குப்பி எல்லாம் அக்கா கையிலதான இருக்கு? அக்காவக் காணல்லியே."

பாலகுரு திரும்பிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். மறுபடியும் சரியாகவே வந்தது.

விஷயம் இதுதான். வண்டியில் ஏற்றிச் செல்கிறவர்களைத்தான் எண்ண வேண்டும். டிரைவரையும் சூப்பர்வைசரையும் உதவி ஆட்களையும் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அது கம்பெனி முறை. குடையையும் பாட்டில் பையையும் மாட்டிவிட்ட காலையிலிருந்து கனகா உதவி ஆள். இந்தப் பயணம் முழுவதிலும் பாலகுரு அவரை ஒரு தடவைகூட எண்ணியிருக்கவில்லை.

படகு திரும்பியது. வரும்போது விர்ரென்று வந்த படகு, எதிர் நீரோட்டத்தில் முனகிக்கொண்டு ஏறியது. 'ஜல்தி, ஜல்தி பாய்' என்று பாலகுரு படகோட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார். படகோட்டிக்கு இந்தி தெரியாது, ஆற்றுக்கும் தெரியாது. கனகாவின் போன் ஹோட்டல் வைஃபையில் மட்டும் வேலை செய்வது. கம்லா கிராமத்துத் தலைவருக்குப் போன் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்று கேட்டார்.

பாலகுரு வாயைத் திறந்தார். கேம்பில் எவன் எந்த அறை, எவனுக்கு எந்தச் சட்டை அளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர். சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார். சிவசங்கரன் உதவிக்கு வந்து தன் கேமராவைப் புரட்டினார். சாப்பாட்டுத் தட்டுகளும் பொன் கோபுரங்களும் சிவசங்கரனுமாக வந்துகொண்டே இருந்தன.

"மஞ்சள் சுடிதார், பச்சப் பூ போட்டது" என்றார் சுகிர்தராணி. "கால் வேதனைன்னு காலம்பற எங்கிட்ட மாத்திரை வாங்கினாங்க. தூரம் நடக்க முடியாது, அங்கதான் இருப்பாங்க. பயப்படாதீங்க அண்ணே."

கால் வலி என்பது பாலகுருவுக்குப் புதுச் செய்தி. கொடியை மடியில் வைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று பார்த்தார்கள், தண்ணீர் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எழுந்தார், கரை வெறுமையாக இருந்தது, உட்கார்ந்தார். இத்தனை வருடம் அவரை எண்ணிக்கொண்டு கனகா ஊரில் இருந்திருக்கிறார், இந்த மாதம் வருவார், அடுத்த மாதம் வருவார் என்று. அது அப்போது அவருக்குத் தோன்றியதா என்று யாருக்கும் தெரியாது. முகம் மட்டும் ஒரு மாதிரியாக இருந்தது என்று பிறகு சுகிர்தராணி சொன்னார்.

கிராமத்துக் கரை தெரிந்தது. மணலில் துணி அலசிக்கொண்டிருந்த நாலைந்து பெண்களுக்கு நடுவில் மஞ்சள் சுடிதார் உட்கார்ந்திருந்தது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கால்கள் இரண்டையும் ஆற்றுக்குள் விட்டிருந்தார் கனகா. மடியில் ஒரு மூங்கில் கூடை. அதிலிருந்து கையில் ஒட்டும் சோற்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு மொழியும் தெரியாமல் அந்தப் பெண்களோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டும் இருந்தார். பாட்டில்களை எல்லோருமாகச் சேர்ந்து காலி செய்திருந்தார்கள்.

படகு மணலைத் தொடுவதற்குள் பாலகுரு குதித்தார். முழங்கால்வரை நனைந்தது.

"வந்துட்டீகளா" என்றார் கனகா.

ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார் பாலகுரு. குரல் அவருடையது மாதிரி இல்லை.

"போட் கெளம்புனதப் பாத்தேன். நீங்க கொடி தூக்குனீக. சரி, எண்ணிட்டாக, கணக்கு சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்." கோபமா, கேலியா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில் சொல்லிவிட்டு, கனகா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். "தண்ணி நல்லாருக்கு. கால் வலியே தெரியல."

பாலகுரு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் பலகையில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். அடுத்துக் குகைக் கோயில், அதற்கடுத்து நகரத்தில் இரவுச் சந்தை. நேரமாகிறது என்பதை நினைவுபடுத்துவது போல் கம்லா மெதுவாக, "யல்லா?" என்றார்.

ஷூவைக் கழற்றாமலே பாலகுரு கனகாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கனகா ஒரு கவளம் சோற்றை உருட்டி நீட்டினார், பாலகுரு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பிறகு படகின் பக்கம் திரும்பாமலே, வண்டியை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கை தெரிய ஒரு கையைப் பின்னால் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்கும்வரை.