கதிரேசண்ணன் போடாத ஷூ

கதிரேசண்ணன் இறந்த செய்தி எங்கள் ஓட்டக்குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது, அதற்கு நேர் மேலே ஷூ தள்ளுபடி விளம்பரம் ஒன்று இருந்தது. இரண்டையும் போட்டவர் ஒருவரே. விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் எங்கள் குழுத் தலைவர். விளாங்குடி தாண்டி சைக்கிள் பயிற்சிக்குப் போன அண்ணனை லாரி இடித்துவிட்டது. கும்பிடும் கைப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவரை ஒதுக்கி வைத்தவர்கள்தான் முதலில் கும்பிட்டார்கள்.

தல்லாகுளத்து அலுவலகம் ஒன்றில் அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லான் பந்தயத்துக்கு என்னை இழுத்துவிட்டவர் அவர்தான். உடன் ஓடியவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். ஷூ வாங்குகிற அன்று அவனியாபுரம் வரை சைக்கிள் மிதித்துத் திரும்பி, வீங்கிய காலோடு கடைவாசலில் இறங்குவார். பாட்டில் தண்ணீரைப் பாதத்தில் ஊற்றிக்கொண்டு, சாக்ஸ் இல்லாமல் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார். "இது கடையா, குளத்தங்கரையா?" என்று தலைவர் கத்துவார். "பந்தயத்துல ஈரக் காலோடதானண்ணே ஓடப்போறேன். அங்க போயா போட்டுப் பாக்குறது?" என்பார் அண்ணன்.

கடைசிப் பந்தயத்துக்குத் தலைவர் எல்லோருக்கும் கடைப் பெயர் அச்சிட்ட ஷூ கொடுத்தார். அப்பளம் மாதிரி லேசு. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தோம். அண்ணன் மட்டும் ஈரக் காலில் மாட்டித் தெருமுனை வரை ஓடித் திரும்பினார். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. "லேசா இருந்தா மட்டும் பத்தாதுண்ணே, கால் அதுக்குள்ள நிக்கணும்ல. இதைப் போட்டுட்டு யாரும் ஓட வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுநாள் அணியில் அவர் இல்லை. அந்தப் பந்தயத்துக்காகவே வருடம் முழுக்க உழைத்த மனிதர். 'நன்றி கெட்டவன்' என்ற பட்டம் வேறு. அவருக்காகப் பேசப் போய் அணியிலிருந்து என் பெயரும் போயிற்று. அந்த ஷூவோடு ஓடியவர்கள் குதிகாலில் ரத்தத்தோடு திரும்பினார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காரியத்தன்று அண்ணன் வீட்டுத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு அண்ணன் ஓடுகிற படம். காலில், அவர் வேண்டாம் என்று சொன்ன அதே ஷூ. கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே 'எங்கள் ஷூவின் வெற்றி வீரர்' என்று கடைப் பெயரோடு. உயிரோடு இருந்தவரை அந்த ஷூவுக்குள் நிற்காத காலை, செத்த பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் மனைவி மல்லிகா மதினி தலைவரிடம் போய், "இதை எடுத்துருங்கண்ணே" என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"அஞ்சலிதானம்மா. முகத்தைப் பாப்பாங்களா, காலைப் பாப்பாங்களா?" என்றார் அவர்.

மதினி வீட்டுக்குள் போய்க் காய் நறுக்கும் கத்தியோடு வந்தார். பிளக்ஸை முழங்காலுக்கு நேராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அறுத்தார். கீழ்த்துண்டைச் சுருட்டித் தலைவர் கையில் கொடுத்து, "மேல இருக்கிறது எங்க வீட்டுக்காரரு. இது உங்க கடைக் காலு, கொண்டு போங்க" என்றார்.

இரங்கல் கூட்டத்தில் பேச வரச்சொல்லித் தலைவர் எனக்குப் போன் செய்தார். "போனவரு போயிட்டாரு, எல்லாத்தையும் மறந்துருவோம் தம்பி" என்றார். நான் போகவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் அவர் என்னிடம் இல்லை.