வாலுக்குப் பின்னால்

"பூட்டிட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"பூட்டிட்டேன்க்கா."

"உள்ள யாரும் இல்லையே?"

அவன் கம்பிகளுக்கு அந்தப் பக்கமே பார்த்தான். சாவி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அது கம்பிக் கதவில் பட்டுப் பட்டுக் கிணுகிணுத்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். உள்ள யாராவது இருக்காங்களா?"

"அதைத்தான்க்கா நான் உங்ககிட்ட கேக்கணும்."

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இட்டுக்கட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசவே யோசிக்கிறவன் அவன்.

அவனை எல்லோரும் 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காட்டில் மலைச் சைக்கிள் ஓட்ட நான்கு பாதைகள் உண்டு. பச்சைப் பாதை குத்துச்செடி மண்டிய மணல்வெளியைச் சுற்றிவரும். நேற்றுப் பழகிய குழந்தைகூட ஓட்டிவிடும். நீலப் பாதையில் கொஞ்சம் மேடு பள்ளம். சிவப்பு மரங்களுக்குள் நுழைந்து, வேர்களின் மேல் குதித்துக் குதித்துப் போகும். கறுப்பு பாறைகளுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கும். கைதேர்ந்தவர்களே அங்கே ஒருமுறை இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். தினமும் வாசலை மூடுவதற்கு முன், யாராவது விழுந்து கிடக்கிறார்களா, வழி தவறி நிற்கிறார்களா என்று எல்லாப் பாதையிலும் ஒருவன் கடைசியாக ஓட்டி வர வேண்டும். அதுதான் அவன் வேலை.

"குரங்குக்கு வால் இருக்கு, நாய்க்கு வால் இருக்கு. இந்தக் காட்டுக்கு நீ இருக்கே" என்பாள் மெக்கானிக் அக்கா. வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் சைக்கிள் பழுது பார்ப்பவள். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்.

"உள்ள யாரைப் பாத்தாலும் அவங்க பின்னாடியே வா. முந்தாதே. எவ்வளவு மெதுவா போனாலும் சரி."

"இறங்கி நடந்தாங்கன்னா?"

"நீயும் இறங்கித் தள்ளு. வால் எங்கயாவது தலைக்கு முன்னாடி போகுமா?"

அங்கே கூட்டமாக ஓட்டுகிறவர்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. வழி பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவரின் முகம் தெரிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். வாலுக்கு இது பொருந்தாது. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் நின்று அவன் முகத்துக்காகக் காத்திருக்கவும் யாரும் இல்லை.

காட்டுக்கு வெளியிலும் அப்படித்தான். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு ஜன்னல். வேலையில்லாத நாட்களில், பல் துலக்கவும் சாப்பிடவும் தவிர அவன் வாய் திறக்க வேலை இருக்காது.

அன்று மழை விட்டு வெகுநேரம் ஆகவில்லை. கறுப்புப் பாதையை மதியமே கயிறு கட்டி மூடியாகிவிட்டது. வண்டி நிறுத்துமிடம் காலி. பச்சை முடித்தான். நீலம் முடித்தான். சிவப்பில் நுழையும்போது வானத்தில் வெளிச்சம் பாக்கி இருந்தது, மரங்களுக்கடியில் இல்லை.

முன்னால் ஒரு சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

அவனுக்குப் பழகிய சத்தம்தான். மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தானாக உருளவிட்டால் பின் சக்கரத்து ஃப்ரீவீல் அப்படித்தான் சொடுக்கும். வளைவைத் தாண்டியதும் ஆள் தெரிந்தான். மஞ்சள் ஜாக்கெட்.

"மூடுற நேரமாச்சுங்க. அவசரமில்ல, பாத்துப் போங்க. நான் பின்னாடிதான் வரேன்."

மஞ்சள் ஜாக்கெட் திரும்பாமல் உருண்டது. ஆனால் வழி பிரியும் இடத்தில் அந்த ஆள் நின்றான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்த்தபடி நின்றான். வாலின் முகம் தெரிந்ததும் கிளம்பினான்.

வாலுக்குச் சட்டென்று மனசு குளிர்ந்துபோயிற்று. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவனுக்காக ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. அடுத்த திருப்பத்திலும் மஞ்சள் ஜாக்கெட் நின்றது. "ரொம்ப நன்றிங்க" என்றான் வால். வாசலுக்குப் போனதும் பேர் கேட்க வேண்டும், கொட்டகையில் அக்காவிடம் சொல்லி ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

பிறகுதான் சின்னச் சின்னதாகச் சிலது உறுத்தியது.

இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. வாலின் முதுகெல்லாம் ஈரம். அந்த மஞ்சள் ஜாக்கெட்டில் ஒரு சொட்டு இல்லை.

இறக்கத்தில் வாலின் ஃப்ரீவீல் படபடவென்று பொரிந்தது. முன்னால் போன சைக்கிளும் அதே வேகத்தில்தான் இறங்கியது. ஆனால் அதன் சத்தம் மட்டும் மாறவே இல்லை.

டிக்... டிக்... டிக்...

கடைசித் திருப்பம். அந்த ஆள் நின்றான். வால் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்தான். மஞ்சள் ஜாக்கெட் கிளம்பவில்லை. வால் இன்னும் நெருங்கினான். அப்போதும் கிளம்பவில்லை.

சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. சக்கரம் அசையவில்லை.

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆளின் பார்வை வாலின் மேல் இல்லை. வாலின் தோளுக்குப் பின்னால் இருந்தது. முன்பு நின்றபோதும் அப்படித்தான் பார்த்திருக்கிறான்... அது இப்போதுதான் புரிந்தது.

"அவ வரலையா?"

"யாருங்க?"

"என் பின்னாடிதான் வந்தா."

"பின்னாடி யாரும் இல்லைங்க. நான்தான் கடைசி."

அந்த முகம் கொஞ்சமும் மாறவில்லை. கண்ணும் நகரவில்லை.

அப்போது வாலின் முதுகுக்குப் பின்னால்...

டிக்.

மெல்லிய சத்தம்.

டிக்... டிக்...

வால் திரும்பவில்லை. மிதித்தான். மஞ்சள் ஜாக்கெட்டை உரசிக்கொண்டு முந்தினான். வேர், பள்ளம், சேறு எதுவும் கண்ணில் படவில்லை. கம்பிக் கதவைத் தாண்டி, இழுத்து மூடிப் பூட்டிய பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

மெக்கானிக் அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"முந்தினதுக்கப்புறம் உன் பின்னாடி எத்தனை சத்தம் வந்துச்சு?"

"ஒண்ணுதான்க்கா. லேசா... சின்ன சைக்கிள் மாதிரி."

அக்கா பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணனும் தங்கச்சியும் வந்தாங்க. அப்போ வால்னு யாரும் கிடையாது. அவன் முன்னாடி, அவ பின்னாடி. சிவப்புலேருந்து கறுப்பு பிரியற இடத்துல அவன் நிக்கல. அதுக்கடுத்த கடைசித் திருப்பத்துலதான் நின்னான். அவ அதுக்குள்ள கறுப்புல இறங்கிட்டா. அவளை மறுநாள்தான் பள்ளத்துலேருந்து எடுத்தாங்க. அவன் அது தெரியாம, பின்னாடி வர்றேன்னு சொன்ன தங்கச்சிக்காக அங்கேயே நின்னிருக்கான். விடிய விடிய மழை, குளிர். காலையில அப்படியே..."

"மஞ்சள் ஜாக்கெட்டா?"

"ம். இந்த வேலைக்கு வந்த எல்லாருமே அவனைப் பாத்திருக்காங்க. வாசல் வரைக்கும் வருவான், அப்புறம் இருக்க மாட்டான். முதல்லயே சொன்னா எவன்டா வேலைக்கு வருவான்? ஆனா ஒண்ணு..." அவள் குரல் இறங்கியது. "பின்னாடி சத்தம் கேட்டுதுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூடச் சொன்னதில்ல."

வாலுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் கழித்து, அண்ணன் நின்ற இடம் வரைக்கும் அவள் வந்திருக்கிறாள். முகம் தெரிய இன்னும் ஒரே ஒரு வளைவு. அந்த நேரம் பார்த்து அவன் முந்திவிட்டான். முன்னால் போகிறவரின் பின்னால்தானே அவளுக்கு வரத் தெரியும்; அண்ணனைத் தாண்டி இவன் பின்னாலேயே வந்துவிட்டாள்.

கதவுக்கு உள்பக்கம் இருட்டாக இருந்தது.

டிக்... டிக்...

நின்றது.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவி கிணுகிணுக்கவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வழி தெரியாத ஒரு சின்னக் குரல்.

"எங்கண்ணன் எந்தத் திருப்பத்துல நிக்கிறான்... கொஞ்சம் முன்னாடி போய்க் காட்டுறீங்களா?"