முன்கூட்டியே கொடுத்த முடி

என் இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலியே இல்லை. வலி இல்லாததால்தான் நான் அதை மதிக்கவில்லை. பெங்களூர் தொம்மலூரில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அதே வாரத்தில் டாக்டரம்மா அதற்குப் பெயர் சொன்னார். மார்பகப் புற்றுநோய். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். என் வீட்டுக்காரர் குமார் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் வழி தெரிந்த மனுஷன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் அல்லாடினார்.

அறுவைசிகிச்சை செய்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோ தொடங்கும் முன் டாக்டரம்மா கேட்டார். "குழந்தை ஆசை இருக்கா செல்வி? இருந்தா இப்பவே சொல்லுங்க."

"உசுரு பொழைச்சா போதும் மேடம்" என்றேன்.

அவர் விடவில்லை. ஆசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கீமோவில் சினைப்பை கெடாமல் இருக்க முயற்சி செய்வோம் என்று மாதாமாதம் ஒரு ஊசி போட்டார். போட்டுக்கொண்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை. உயிருக்கே உத்தரவாதம் இல்லாதவளுக்குப் பிள்ளை ஒரு கேடா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு முடி கொட்டியது. தலையணை, சோற்றுத் தட்டு, குமார் சட்டை, எங்கே பார்த்தாலும் என் முடி. போதுமடா சாமி என்று குமாரையே மழிக்கச் சொன்னேன். அவர் அழுதுகொண்டே மழித்தார். நான் அழவில்லை, வெட்டிவிடப் போகிறார் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். அம்மன் கோயில் வாசலில் பூ விற்கிற முனியம்மாக்காவை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சரியாக அவர் கடை எதிரில் காற்றடித்துத் துப்பட்டா நழுவியது.

"அடியே செல்வி! மொட்டையா? திருப்பதி போனியா? சொல்லவே இல்ல பாரு! லட்டு எங்கடி?"

நம் தெருவில் பெண்பிள்ளை மொட்டைத்தலையோடு நின்றால் வேறு என்ன நினைப்பார்கள்? துப்பட்டாவை இழுத்து மூடினேன்.

"என்ன வேண்டுதல்? சும்னே யாராவது இவ்ளோ முடியைக் குடுப்பாங்களா?"

"குழந்தை வேணும்க்கா."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? டாக்டரிடம் சொல்லவில்லை. கட்டினவரிடம் சொல்லவில்லை. பூக்கடையில் நின்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு ஆசை என்று எனக்கே தெரிந்தது.

அக்கா என் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்தார். வைத்துக்கொள்ள முடி ஏது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்ததுபோல. "போ, அம்மனுக்குப் போடு. எல்லாரும் பிள்ளை பொறந்தப்புறம் முடி குடுப்பாங்க. நீ மொதல்லயே குடுத்துட்ட. இனி அவ பதில் சொல்லித்தான் ஆகணும்."

உள்ளே போய்ச் சண்டை போட்டேன். ஆமாம், சண்டைதான். "முடியை வாங்கிட்டே. மாரையும் வாங்கிட்டே. என் பிள்ளை எங்கே தாயே?" என்று நின்றேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இதே கேள்வி.

ஆசையை டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "சந்தோஷம். ஆனா நோய் திரும்பி வராம இருக்க ரெண்டு வருஷமாவது மாத்திரை சாப்பிடணும். அப்புறம் நான் சொல்லும்போது நிறுத்தலாம். நீங்களா நிறுத்தக்கூடாது. இப்படிப் பெத்தவங்க இருக்காங்க, பயப்படாதீங்க" என்றார்.

அந்த இரண்டு வருடம் இருக்கிறதே, அப்பப்பா! பக்கத்து வீட்டுக் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள் காயும். மழை தூறினால் நான்தான் முதலில் ஓடுவேன். எடுத்து, முகத்தில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "உங்களுக்கு எவ்ளோ நல்ல மனசு" என்பாள் அந்தப் பெண். நல்ல மனசாவது! மழை வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

மாத்திரையை நிறுத்தி, சோதனையெல்லாம் முடிந்து, மாதங்கள் போயின. ஒவ்வொரு மாதமும் ஏமாந்தேன். கோயிலுக்குப் போகவே பிடிக்காத வெள்ளிக்கிழமைகள் உண்டு. போனேன். கடைசியில் ஒரு மாதம் நாள் தள்ளியது. தாயே!

வளைகாப்பில் எல்லோரும் என் இரண்டு கைக்கும் வளையல் கொண்டுவந்தார்கள். அறுவைசிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் இடது கையில் இறுக்கமாக எதுவும் போடக்கூடாது. எல்லாம் வலது கைக்கே என்றேன். முனியம்மாக்கா ஏன் என்று குடைந்தார். அன்றைக்குத்தான் முழுக்கதையும் சொன்னேன்.

"அப்ப அது திருப்பதி இல்லையா?" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடி எங்க விழுந்தா என்னடி, அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு" என்று வலது கையில் வளையலை அடுக்கினார்.

மகள் சில வாரம் முன்னாலேயே பிறந்துவிட்டாள். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். என் நோயும் மருந்தும் அவளைத் தொட்டிருக்குமோ என்று பயந்து கேட்டேன். சீக்கிரம் பிறந்ததால் சின்னதாக இருக்கிறாள், வேறு குறையில்லை என்றார் குழந்தை டாக்டர். அடுத்த கவலை பால். எனக்கு இருப்பது ஒரு பக்கம்தான். நர்ஸம்மா சிரித்தார். "ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க ஆளுக்கு ஒரு பக்கம் குடுக்கலையா? உங்களுக்கு ஒண்ணுதானே."

அவளை என் வலது மார்பில் வைத்தார்கள். தேடினாள், பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

சில மாதம் பால் கொடுத்தேன். பிறகு டாக்டரம்மா சொன்னபடி நிறுத்திவிட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். நிறுத்திய அன்று அவள் அழுததைவிட நான் அதிகம் அழுதேன். ஆனால் அவளை வளர்க்க நான் இருக்க வேண்டுமே. இன்றும் பரிசோதனைக்குப் போகும் நாளில் பயம்தான். முன்பெல்லாம் பயந்து சாமியைக் கும்பிட்டேன், இப்போது பயத்தோடு அம்மன் மடியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

என்னைப்போல் மருந்து வாடையோடு இதைப் படிக்கிற தங்கச்சி, உன் ஆசையை அடக்கி வைக்காதே. டாக்டரிடம் வாய்விட்டுச் சொல், அவர் சொல்வதைக் கேள். அம்மனிடமும் சொல். அழுது கேள், சண்டை போட்டுக் கேள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

போன மாதம் மகளுக்கு முதல் மொட்டை, நம் அம்மன் கோயிலில். முனியம்மாக்கா மடியில் பிள்ளை வீறிட்டாள். முடி எடுக்கிறவர் கத்தியை நனைத்துக்கொண்டே என் நீண்ட பின்னலைப் பார்த்து, "அம்மாவுக்கும் எடுக்கணுமா?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன் அக்கா முந்திக்கொண்டார். "அவ எப்பவோ குடுத்துட்டாப்பா. நீ பிள்ளையைப் பாரு."