காது இரண்டும் தெரிய வேண்டும்

ஸ்டுடியோக்காரருக்கு எடுக்கத் தெரிந்த புகைப்படம் ஒரே ஒரு வகைதான். மூன்றரை சென்டிமீட்டர் அகலம், நாலரை சென்டிமீட்டர் உயரம், பின்னால் வெள்ளைத் திரை, நேரான முகம், மூடிய வாய், பளிச்சென்று தெரிகிற இரண்டு காதுகள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், எட்டுக்குப் பத்து அறையில், இருபத்தாறு வருஷமாக அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். சுற்றினால் உயரும் ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு கண்ணாடி, முதல் இரண்டும் காணாமல் போனதால் நூலில் கட்டித் தொங்கவிட்ட மூன்றாவது சீப்பு, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. இவ்வளவுதான் கடை. படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பது மனைவியின் வேலை.

அந்த வருஷம் குழாய் பதிப்பதற்காகத் தெருவைத் தோண்டினார்கள். சரியாகக் கடை வாசலில் ஆள் உயரப் பள்ளம், குறுக்கே ஒரு பலகை. படிய வாரி, பவுடர் போட்டு வந்த ஒருவர் பலகையில் கால் வைத்து, பள்ளத்தில் இறங்கி, இடுப்புவரை சேறோடு ஏறி வந்து, "இப்படியே எடுத்துடுங்க சார், நாளைக்குக் கடைசி நாள்" என்று நின்றார். அவருக்குப் பிறகு யாரும் வரவில்லை. ஸ்டுடியோக்காரர் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு பள்ளத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரம் மனைவியின் தம்பி வந்தான். காட்டு விலங்குகளைப் படம் எடுப்பவன். பத்திரிகைகளில் அவன் எடுத்த புலியும் யானையும் இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடக்கும். சதுப்பு நிலம், புல்வெளி, உயர்ந்த மலை என்று மூன்று மாதம் சுற்றி, அங்கே வாழும் விலங்குகளையும் மனிதர்களையும் படம் எடுத்துப் பெரிய புத்தகம் போடப் போகிறானாம். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அவனுடைய உதவியாளருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"லென்ஸ் மாத்தத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்க்கா. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது?"

"இதோ உட்கார்ந்திருக்காரே," என்றாள் மனைவி.

"நானா? கடையை யார் பார்ப்பா?"

"கடையை நீங்க எங்க பார்க்கறீங்க? குழியைத்தான் பார்க்கறீங்க. அதை நான் பார்த்துக்கறேன். போய் நாலு மிருகத்தைப் பார்த்துட்டு வாங்க."

அன்றைக்கே பெட்டி கட்டிவிட்டாள். மலையில் குளிரும் என்று கடைக் கோட்டையும் மடித்து உள்ளே வைத்தாள்.

சதுப்பு நிலத்தில் கோரைப்புல் நிறத்தில் ஒரு சிறிய கூடாரம். அதற்குள் மைத்துனனும் அவரும் முட்டிக்கு முட்டி இடிக்க ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். நாரைகள் நடனமாடும் என்று மைத்துனன் சொல்லியிருந்தான். நாரைகளுக்கு அது தெரியவில்லை. அவை பாட்டுக்கு மீன் தின்றன. ஸ்டுடியோக்காரரின் வாய் சும்மா இருக்காமல் தானாக முணுமுணுத்தது: "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... தலையை நிமிர்த்துங்க... அப்படியே..."

"அத்தான், அதுங்களுக்குக் காது கேட்கும்."

"அதைத்தான் நானும் தேடறேன். எங்க இருக்கு காது?"

ஏழாம் நாள் மைத்துனன் சாப்பிடப் போனபோது, கேமராவை அவரிடம் கொடுத்து, ஏதாவது நடந்தால் அமுக்கச் சொல்லிவிட்டுப் போனான். நடந்தது. ஒரு நாரை நேராகக் கூடாரத்துக்கு எதிரே வந்து, நேராக அவரைப் பார்த்தது. அவரும் அமுக்கினார். மைத்துனன் திரும்பி வந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கூடாரத்தில் இருப்பதையும் மறந்து, நாரைகளெல்லாம் பறந்துபோகும் அளவுக்குச் சிரித்தான். நெற்றியும் அலகும் நடுவில், இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி, தலைக்கு மேல் சரியாக ஒரு விரற்கடை.

"நாரை எந்த நாட்டுக்குப் போகுது அத்தான்?"

ஸ்டுடியோக்காரரும் கூடச் சிரித்தார். ஆனால் மனதில் முள் மாதிரி ஏதோ தைத்தது. அதற்குப் பிறகு, புல்வெளியில் காட்டெருமைகளுக்குப் பின்னால் நான்கு வாரம் அலைந்தபோது, அவர் கேமராவைக் கேட்கவே இல்லை. கேட்ட லென்ஸை எடுத்துக் கொடுத்தார், வாங்கி வைத்தார், துடைத்தார். ஒரு எருமைக்கு இடது காது பாதி இல்லாததைக் கவனித்தார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியாக மலை. அங்கே கோடை முழுக்க ஆடு மேய்த்து, இடம் மாறி மாறிக் கம்பளிக் கூடாரங்களில் இருக்கிற ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி அறுபது வயதுப் பெண். எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஜீப் ஓட்டுநர் அவளுக்குத் தங்கை மகன் என்பதால் இவர்களுக்கும் ஒரு கூடாரம் கிடைத்தது.

மைத்துனனுக்கு அங்கே இரண்டு வேலை. விடிந்ததும் மேட்டுக்குப் போய்ப் பனிச்சிறுத்தைக்காகக் காத்திருப்பது, வெயில் சாய்ந்ததும் மனிதர்களைப் படம் எடுப்பது. சிறுத்தை வரவில்லை. மனிதர்கள் இருந்தார்கள், ஆனால் கைக்கடிகாரம் கட்டியிருந்தார்கள், பிளாஸ்டிக் செருப்பு போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான். பெரியம்மாவைப் பாறைமேல் நிறுத்தினான்.

"அப்படியே தூரத்துல பாருங்க."

"தூரத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாருங்க."

"ஒண்ணும் இல்லேன்னு இப்பதானே பார்த்துட்டு வந்தேன். ஆடு ஏதும் தப்பிப் போகலை. மறுபடி எதுக்குப் பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டு, இறங்கி, கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கு மறுநாள், மைத்துனன் மேட்டில் இருந்த நேரத்தில், ஓட்டுநர் வாயை விட்டுவிட்டார். "பெரியம்மா, இந்த அண்ணன் ஊர்ல பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறவர் தெரியுமா?"

பெரியம்மா கறந்துகொண்டிருந்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். கூடாரத்துக்குள் போய் ஒரு தோல்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். முழுக்க விண்ணப்பங்கள். அடுத்த கோடையிலிருந்து ஆளுக்கொரு மேய்ச்சல் அட்டை இல்லாமல் மலைக்கு ஏற முடியாது. அட்டைக்குப் படம் வேண்டும். மூன்று தடவை அனுப்பி மூன்று தடவையும் திரும்பி வந்திருந்தன. ஸ்டுடியோக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காரணத்தைப் படித்தார். தொப்பி. கண் மூடியிருக்கிறது. விண்ணப்பதாரரின் தோளில் ஆட்டுக்குட்டி. படத்தில் ஆறு பேர், விண்ணப்பதாரர் எவர் என்று தெரியவில்லை. பின்னணியில் அருவி.

"அருவியா?" என்றார்.

"ரெண்டு நாள் நடந்து போனா ஒரு போட்டோக் கடை இருக்கு தம்பி. அங்க துணியில அருவி வரைஞ்சு தொங்கவிட்டிருக்கான். அழகா இருக்கும்."

"அட்டைக்கு எடுக்கறப்போ அருவி முன்னாடி நிறுத்தினானா? எவன் அவன்?" ஸ்டுடியோக்காரருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக, என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

மைத்துனன் வெளிச்சத்தைத் திருப்பக் கொண்டுவந்திருந்த பெரிய வெள்ளைத் திரை பின்னணி ஆயிற்று. தகரப் பெட்டிமேல் குதிரைச் சேணம், அது ஸ்டூல். உட்காருபவர் குள்ளமாக இருந்தால் அடியில் தட்டைக் கல். மைத்துனன் தன் படங்களைச் சரிபார்க்க வைத்திருந்த சின்ன அச்சு இயந்திரம் ஜீப் பேட்டரியில் ஓடியது. கம்பளிச் சட்டைகளின் ரோமக் கழுத்துப்பட்டை தாடையை மறைத்தபோது பெட்டியிலிருந்து கோட்டு வந்தது. அதன் முதுகு மேலிருந்து கீழ்வரை கிழிந்திருக்கும். படத்தில் முதுகு விழாது என்று அவர் தைத்ததே இல்லை. இங்கே அதுவே வசதியாகப் போயிற்று. எவ்வளவு பருமனான கம்பளிக்கு மேலும், எந்த உடம்புக்கும், கை இரண்டையும் நுழைத்தால் முன்பக்கம் ஒரு அதிகாரி தயார்.

செய்தி எப்படிப் பரவியதோ, அடுத்த இரண்டு பள்ளத்தாக்குகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். மதியம் மைத்துனன் இறங்கி வந்தபோது நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆடுகள் முந்நூறாவது இருக்கும். நாய்கள் பதினொன்று, எல்லாம் குரைத்துக்கொண்டு.

"அத்தான்! இந்த மலையில இருந்ததே ஒரு சிறுத்தை. அது இந்நேரம் அடுத்த நாட்டுக்குப் போயிருக்கும்!"

"போகட்டும் மச்சான், அதுக்கு அட்டை வேண்டாம். காத்துல திரை ஆடுது பாரு, அந்த ஓரத்தைப் பிடி."

மைத்துனன் வாயைத் திறந்தான். வரிசையில் நின்ற நாற்பது பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு போய் ஓரத்தைப் பிடித்தான்.

"இன்னும் மேல... நிழல் விழுது... உன் விரல் தெரியுது மச்சான்."

வேலை நடந்ததே தவிர, ஒரு சிக்கல். 'சிரிக்காதீங்க' என்று அவர் சொன்னதும் உட்கார்ந்திருப்பவர் சிரித்தார். அவரைப் பார்த்து வரிசை சிரித்தது. பல்லில்லாத ஒரு பெரியவர் அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், சேணத்திலிருந்தே விழுந்துவிட்டார். ஸ்டுடியோக்காரர் யோசித்தார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் அந்த அட்டை ஆபீசர் மூஞ்சியை நினைச்சுக்குங்க."

மலையே கப்பென்று அடங்கியது. அதற்குப் பிறகு அன்றைக்கு ஒரு படம்கூட வீணாகவில்லை.

பெரியம்மாவின் முறை வந்தபோது அவள் தலைத்துணியை விலக்க மாட்டேன் என்றாள்.

"என் காது எதுக்கு அவங்களுக்கு?"

"அடையாளத்துக்கு பெரியம்மா."

"காதைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கறது நாங்க ஆட்டைத்தான்."

"அவங்களும் அந்தக் கணக்குலதான் கேட்கறாங்க."

பெரியம்மா அவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு துணியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அந்த முறைப்பு கலையாமலே கேமராவைப் பார்த்தாள். அவர் அமுக்கினார்.

இரண்டாம் நாள் மைத்துனன் திரையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டுத் தன் கேமராவை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனான். சேணத்தில் உட்கார்ந்திருந்தவரின் பிளந்த கோட்டு முதுகு, அதன் வழியே பிதுங்கும் கம்பளி, எதிரே குனிந்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கும் அத்தான், அவருக்கும் பின்னால் தலை வாரிக்கொண்டு நிற்கும் வரிசை. யாரையும் எதையும் கழற்றச் சொல்லவில்லை. தூரத்தில் பார்க்கவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எல்லாம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்தான். "அத்தான், என் மலை அனுமதிச்சீட்டு முடியப் போகுது. புதுப்பிக்க ஒரு படம் வேணும்."

"உட்காரு. முடியை ஒதுக்கு."

கேமராவுக்குள் பார்த்தபோது ஸ்டுடியோக்காரருக்குக் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் மச்சானை இப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு, உதட்டில் வெடிப்பு.

"பன்னிரண்டு நாள் அந்தப் பாறையையே பார்த்தேன் அத்தான்," என்று மைத்துனன் திடீரென்று ஆரம்பித்தான். "அது எங்கேயோ இருந்து என்னைப் பார்த்திருக்கும். நான்தான் பார்க்கலை. எல்லாத்துலயும் எனக்கு அப்படித்தானோன்னு..."

"வாயை மூடு. எடுத்தப்புறம் பேசலாம்."

எடுத்தார். அப்புறம் பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்தார். மைத்துனன் பேசினான். தேநீர் இரண்டு தடவை ஆறி, இரண்டு தடவை சூடாகி வந்தது. கடைசியில் எழுந்திருக்கும்போது, "அந்த நாரைப் படம் நல்லாத்தான் இருந்தது அத்தான்" என்றான்.

"பொய் சொல்லாதே. ஆனா அளவு சரியா இருந்தது."

புத்தகம் ஒரு வருஷம் கழித்து வந்தது. பனிச்சிறுத்தை இல்லை. கோட்டு முதுகுப் படம் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் பார்க்கற புத்தகத்துல, தைக்காத கோட்டோடவா?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

அட்டைகள் எல்லாருக்கும் வந்துவிட்டன. ஒன்று மட்டும் திரும்பியது. அது ஓட்டுநருடையது, கடைசி நாள் எடுத்தது; சிரித்திருந்தார். அதைப் பற்றிப் பேச ஓட்டுநர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஒரு நாள் கடையில் ஒலித்த தொலைபேசியை ஸ்டுடியோக்காரர் எடுத்தார். பேசியது பெரியம்மா.

"தம்பி, என் படம் இன்னும் பத்து வேணும்."

"அட்டைதான் வந்துடுச்சே பெரியம்மா?"

"வந்துடுச்சு. ஆனா அந்த மூஞ்சியைக் காட்டினா எந்த ஆபீஸ்லயும் எழுந்து நின்னு என்ன வேணும்னு கேட்கறாங்க. நானே நேர்ல போனா உட்கார்ந்துக்கிட்டுப் பேசறாங்க. அதனால இனிமே நான் போறதா இல்ல. படத்தைக் கொடுத்து அனுப்பப் போறேன்."

ஸ்டுடியோக்காரர் பெரியம்மாவின் படத்தைத் தேடி எடுத்து, பத்து கேட்டதற்குப் பதினாறு பிரதி அச்சிட்டார். மனைவி ஓரம் பிசகாமல் வெட்டி உறையில் போட்டாள். ஒட்டுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, தன்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.