முழு வேகத்தில் ஓடிய உலை

காலையில் உலையைப் பற்றவைத்து நிமிர்ந்தபோது தனசேகரன் சாரின் மகள் போனில் அழைத்தார். "அப்பா போய்ட்டாருண்ணே. தூக்கத்துலயே. மூணு மணிக்கு எடுக்குறோம்." விம்கோ நகரில் எங்கள் வார்ப்பட ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்து, போன ஆண்டு ஓய்வுபெற்ற சார் மறைந்துவிட்டார்.

வியாசர்பாடிக்காரர். மாசு வாரியத்து அதிகாரிகளிடமும் மெட்ராஸ் பாஷையில்தான் சட்டம் பேசுவார். யாராவது சிரித்தால், "சிரிப்பு கெடக்கட்டும், புரிஞ்சிச்சா?" என்பார். நன்றாகவே புரிந்திருக்கும்.

புகைபோக்கியில் அளவெடுக்க ஆய்வகத்தார் வரும் நாளில் மட்டும் உலையை அரை வேகத்தில் ஓட்டுவது எங்கள் பழக்கம். புகை குறையும், அளவு வரம்புக்குள் நிற்கும். அதைச் செய்தவன் உலைப் பொறுப்பாளனான நானே. உலை வழக்கமான வேகத்தில் ஓடியதாக அதிகாரி கையெழுத்திட வேண்டும். சார் பொறுப்புக்கு வந்த முதல் முறையே பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கி மட்டும் வூட்ட பெருக்குவியா நைனா? முழுசா ஓட்டு."

ஓட்டினேன். தூசி வடிகட்டும் பைகள் கிழிந்திருந்தது அளவில் தெரிந்துவிட்டது. மறைக்காமல் அவரே வாரியத்துக்கு எழுதினார். ஆலையை மூட உத்தரவு வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நம்ப ஆளுங்க வூட்டுல குந்திக்கினு கீறாங்க சார், உன்னாலதான்!" என்று கத்தினேன்.

"என்னாலதான். அவுங்க புள்ளைங்களும் நம்ப செவுத்துக்குப் பின்னாலதான் கீது நைனா, இருமிக்கினு."

புதுப் பைகள் வந்ததும், தொந்தியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஏணியேறி மாட்டினார். பாதி வழியில் சிக்கிக்கொண்டு, "மேலயும் போவல, கீழயும் வரல, இன்னாடா பேஜாரு!" என்று அவர் கூவியதை இன்றும் சொல்லிச் சிரிப்போம். ஆலை திறந்தது. அன்றிலிருந்து ஒருமுறைகூட அளவு தவறியதில்லை. இதை மார்தட்டியே சொல்வேன்.

அவர் மறைந்த அன்றும் அளவெடுக்கும் நாள். உலை முழு வேகம் பிடிக்க மதியம் தாண்டிவிடும். "அரை வேகத்துலயே எடுத்துட்டு கெளம்புங்கண்ணே, சார் மொகத்த பாக்க வேணாமா?" என்றார் மேலாளர். மனம் அடித்துக்கொண்டது. இருந்தாலும் முழு வேகத்தில் அளவெடுத்து முடியும்வரை காத்திருந்தேன்.

அவர் வீட்டுக்குப் போனபோது தெருவில் பூக்கள் மட்டுமே கிடந்தன. இடுகாட்டுக்கு ஓடினேன். குழிக்குள் இறக்கிவிட்டிருந்தார்கள், முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. கரி படிந்த கையால் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன்.

"லேட்டாயிடுச்சி சார். முழுசா ஓட்டிட்டுத்தான் வந்துகீறேன். நீ போய்ட்டு வா."