குரைத்தால் திருடனா?

புள்ளியியல் எனக்கு வேப்பங்காய். பி.காம். சேர்ந்தவளுக்கு இந்தக் கண்றாவி எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். எங்கள் மேடம் புத்தகத்தில் இருக்கும் பகடை, சீட்டுக்கட்டு எதையும் தொட மாட்டார். "உங்க தெருவுல இருந்து ஒண்ணு கொண்டாங்க" என்பார். குறும்புக்காகத்தான் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு நாயைச் சொன்னேன். சேலை வாங்க வருகிறவர், கூரியர்காரர், அங்கேயே பிறந்து வளர்ந்த நான், யார் வந்தாலும் அது குரைக்கும்.

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "திருடன் வந்தா குலைக்குமா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா குலைக்கும் மேடம்."

"அப்போ, குலைச்சா வந்தது திருடனா?"

"எங்க தெருவுக்கு எந்தத் திருடன் மேடம் வரான்? பாதி நேரம் என்னப் பாத்துதான் குலைச்சிக்கினு இருக்குது."

இரண்டும் வேறு வேறு கேள்வி என்று பலகையில் எழுதினார். அரிதாக வருகிற ஒன்றைத் தேடும்போது வீண் கூச்சல்தான் அதிகம் இருக்கும், நிபந்தனை நிகழ்தகவு என்பது இதுதான் என்றார். பரீட்சைக்கு ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு மருத்துவ முகாமில் அம்மாவுக்கு மார்பில் ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்த அம்மா மூக்குத்தியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இனிமே எனக்கு இன்னாத்துக்கு இது? சதைய கிதைய எடுத்தா பரவிடும்னு சொல்றாங்கடி. நான் வரல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "நாய் குலைச்சா, திருடன் வந்துட்டான்னு ஊர வுட்டே ஓடுவியாமா? லைட்டப் போட்டு யாருன்னு பாக்க மாட்டியா?" என்று கத்தினேன். மேடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்ததோ, என் கத்தலுக்குப் பயந்தாளோ, தெரியாது. மறுநாள் கிளம்பினாள்.

ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் என் கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று ஊருக்குச் சொல்லலாம். எனக்கு இருப்பது ஒரே அம்மா. சதை எடுத்த பிறகு முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் முழுக்க பர்ஸில் மூக்குத்தி இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறும் கொழுப்புக் கட்டி என்று டாக்டர் சொன்னதும் நான்தான் ஓவென்று அழுதேன். அம்மா அழவில்லை. "என் மூக்குத்தி எங்கடி?" என்று கையை நீட்டினாள். மூக்குத் துளை பாதி தூர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே குத்திக் குத்திப் போட்டுக்கொண்டாள். வலி தாங்காமல் என்னைத்தான் திட்டினாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று சும்மா நின்றேன்.

தெருமுனையில் அந்த நாய் எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே ஓடி வந்தது. வழக்கமாகக் கல்லைத் தேடுகிற அம்மா, டீக்கடைப் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு பொறை குடுப்பா" என்றாள். "கத்திக் கத்தி அதுக்குத் தொண்ட காஞ்சி போயிருக்கும்."